வானொலிப் பெட்டியும் மஃரிபு பாங்கும்

அண்மையில் புதுக்கோட்டை நகரில் நம் உறவினர் ஒருவர் புது வீடு கட்டி முடித்தார். குடி புகுந்த சில நாள்களில் வீட்டில் ஓர் ஆலோசனை நடந்தது. கூடத்துச் சுவரில் பெரிய தொலைக்காட்சி மாட்டியாகிவிட்டது. அதனோடு இணைத்து 'ஹோம் தியேட்டர்' அமைக்க வேண்டும். அதற்கு நடுநாயகமாக இருக்க வேண்டிய 'ரிசீவர்' எதுவாக இருக்கலாம் என்பதே பேச்சு. இளைஞர்கள் வாட் கணக்கும் ஸ்பீக்கர் கணக்கும் பேசிக்கொண்டிருந்தனர். எண்பது வயதைக் கடந்த அவ்வீட்டின் மூத்த பெருமாட்டியார் எல்லாவற்றையும் கேட்டிருந்துவிட்டு, "அதுலே நோம்பு தொறக்குற பாங்கு கேக்குமா தம்பி?" என்று வினவினார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நம்மால் சிரிக்க இயலவில்லை. அந்த ஒரு வினாவுக்குள் நம் மக்களின் அறுபது ஆண்டு வரலாறு அடங்கிக் கிடப்பதை நாம் உணர்ந்தோம்.

'ரிசீவர்' என்னும் சொல் நம் வீடுகளுக்குப் புதியதன்று. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியிருந்த காலத்தில், அந்த உரிமப் புத்தகத்தின் மேல் அச்சிடப்பட்டிருந்த சொல்லே அதுதான். ஆண்டுதோறும் அஞ்சலகத்துக்குச் சென்று புதுப்பித்து, வில்லை ஒட்டி வாங்கி வருவார்கள். 1980களின் நடுப்பகுதியில் அம்முறை முற்றாக ஒழிந்தது. பழைய பெட்டகங்களைத் துழாவினால் நிலப்பத்திரங்களுக்கு நடுவே அப்புத்தகம் இன்றும் சில வீடுகளில் அகப்படும். வீட்டின் சொத்துக்களுள் ஒன்றாகவே வானொலி கருதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஒலி வந்த வழி

சென்னை மாகாணத்தில் வானொலியின் வரலாறு 1924ஆம் ஆண்டு தொடங்குகிறது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை மாகாண வானொலிச் சங்கம் அவ்வாண்டு ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927இல் அது நின்றது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16ஆம் நாளும் தொடங்கின. கடலுக்கு அப்பால் கொழும்பிலோ 1925 டிசம்பர் 16ஆம் நாளிலேயே வானொலி நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது.

அந்நாளில் இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் என ஒன்று இல்லை. புதுக்கோட்டை, திருமயம், அன்னவாசல், கீரனூர் முதலிய ஊர்கள் தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானத்தில் இருந்தன. 1948 மார்ச் 3ஆம் நாள் அச்சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. அறந்தாங்கி வட்டாரமோ தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. இவ்விரு பகுதிகளையும் சேர்த்து 1974 ஜனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் உருவாக்கப்பட்டது. ஆகவே ஒரே மாவட்டத்துக்குள் இருவேறு நிலங்கள் உள்ளன: பாறையும் கண்மாயும் நிறைந்த வறண்ட உள்நாடு ஒன்று, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என நீளும் கடற்கரை மற்றொன்று. இந்த வேறுபாடு வானொலியிலும் எதிரொலித்தது என்றால் வியப்பாக இருக்கும். அது உண்மையே.

மத்திய அலை வரிசையில் அனுப்பப்படும் ஒலி, பகற்பொழுதில் நிலத்தை ஒட்டியே பயணம் செய்கிறது. வறண்ட பாறை நிலம் அந்த அலையை விரைவில் விழுங்கிவிடும். உப்புநீரோ வறண்ட நிலத்தைவிடப் பன்னூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவது. ஆதலால் கடலின் மேல் வரும் அலை நெடுந்தொலைவு தேயாமல் வந்து சேரும். கோட்டைப்பட்டினத்திலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் சென்னையும் கொழும்பும் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் அளவில் ஒத்த தொலைவில் இருக்கின்றன. ஆனால் கொழும்பிலிருந்து வரும் வழியின் பெரும்பகுதி கடல். சென்னையிலிருந்து வரும் வழி பெரும்பாலும் நிலம். கடற்கரை ஊர்களில் பட்டப்பகலிலும் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சுப் போலத் தெளிவாகக் கேட்டதன் காரணம் இதுவே. உள்நாட்டு ஊர்களில் அந்தத் தெளிவுக்கு இரவு வரை காத்திருக்க வேண்டும். சூரியன் மறைந்த பின், பகலில் அலையை உறிஞ்சும் வான்மண்டல அடுக்கு ஒன்று கலைந்துவிட, மேலே உள்ள அடுக்கு அலைகளைத் திருப்பி அனுப்புகிறது; தொலைதூர நிலையங்கள் அப்போது மிதந்து வரும்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்த விதம்

அக்காலத்தில் வானொலிப் பெட்டி வாங்குவது திருமணப் பேச்சுக்கு நிகரான ஆலோசனையாக நடந்தது. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ், எச்.எம்.வி., நேஷனல் எக்கோ என்னும் பெயர்கள் வீடுதோறும் அடிபட்டன. முதற்கேள்வி, ஊரில் மின்சாரம் உண்டா என்பது. இல்லையெனில் கனமான பாட்டரியில் ஓடும் பெட்டியை வாங்க வேண்டும்; பாட்டரி தீரும்போதெல்லாம் செலவு. இரண்டாம் கேள்வி, எத்தனை அலைவரிசை என்பது. திருச்சி மட்டும் போதுமென்றால் மத்திய அலையே போதும். மகனோ மருமகனோ மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறான், அந்நாட்டுச் செய்தி கேட்க வேண்டுமென்றால் சிற்றலை வரிசைகள் இன்றியமையாதவை. மூன்றாம் கேள்வி, ஏரியல் எங்கே கட்டுவது என்பது. ஓட்டு வீட்டின் முகட்டிலிருந்து கொல்லைப்புறம் வரை செப்புக் கம்பி வலை இழுத்துக் கட்டுவார்கள். கரியும் உப்பும் இட்ட குழியில் எர்த் கம்பியைப் புதைத்து, அவ்வப்போது தண்ணீர் ஊற்றி ஈரம் காப்பார்கள்.

வால்வுப் பெட்டியைத் திருகியதும் ஒலி வராது. உள்ளே வால்வுகள் சூடேறும் வரை பொறுத்திருக்க வேண்டும். உயர்ந்த வகைப் பெட்டிகளின் முகப்பில் பச்சை நிற ஒளிக்கண் ஒன்று இருக்கும். நிலையம் சரியாக அமைந்தால் அக்கண் சுருங்கி ஒருங்கு சேரும். சிறுவர்களுக்கு ஒலியைவிட அந்தக் கண்ணே வேடிக்கை.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டெய்ன், ஷாக்லி ஆகியோரின் ஆய்வில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954இல் அதனைக் கொண்டு செய்த முதல் கைவானொலி விற்பனைக்கு வந்தது. பிற்காலத்தில் சபராளிகளின் பெட்டிகளில் அது நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. மின்சாரமும் ஏரியலும் எர்த்தும் தேவையில்லை என்றானபோது, கூடத்தின் மேசையைவிட்டு வானொலி எழுந்து அடுக்களைக்கும் உள்ளறைக்கும் நடந்து சென்றது. ஆண்களின் தனியுடைமையாக இருந்த ஒலி பெண்களின் கைக்கும் கிட்டியது. பள்ளிவாசல் பயானுக்கோ இலக்கிய மாநாட்டுக்கோ செல்ல வாய்ப்பில்லாத தாய்மார்கள், மார்க்கச் சொற்பொழிவையும் இஸ்லாமியப் பாடலையும் உலகச் செய்தியையும் முதன்முதலாகச் செவி வழியே பெற்றது அந்தச் சிறு பெட்டியால்தான். நம் சமுதாயப் பெண்களின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் இதனை மறத்தலாகாது.

கொழும்பின் குரல்

1952இல் மத்திய அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகி மறைந்தன. நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி தொடங்கும் வரையிலும், அதன் பின்னருங்கூட, தமிழகத்தில் கொழும்பின் செல்வாக்கு ஓங்கியே இருந்தது. பொதுமக்கள் பாட்டுக்காகக் கொழும்பை நாடினர். நம்மவர்கள் அதற்கும் மேலான ஒன்றுக்காகவும் நாடினர். இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகள் தமிழிலேயே நடந்தன. கிராஅத், சன்மார்க்கச் சொற்பொழிவு, கவியரங்கம், ரமலான் சிறப்பு நிகழ்ச்சிகள் என வந்தவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று நம் கடற்கரையில் உண்டு.

இதற்கு முன்பே உலமாப் பெருமக்களிடையே இக்கருவிகளைப் பற்றிப் பெரும் ஆராய்ச்சி நடந்தது. 1934 மே 31ஆம் நாள் எகிப்திய அரசு வானொலி தொடங்கியபோது ஷைகு முஹம்மது ரிஃபஅத் அவர்களின் கிராஅத்தே முதலில் ஒலித்தது. 1936இல் சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் பாங்குக்கு ஒலிபெருக்கி பொருத்தப்பட்டது. நம் துணைக்கண்டத்திலோ, ஒலிபெருக்கி வழியே வருவது இமாமின் குரலேதானா, அல்லது அக்குரலின் எதிரொலி போன்ற வேறோர் ஒலியா, அதைப் பின்பற்றித் தொழுதால் தொழுகை கூடுமா என்னும் வினா எழுந்தது. முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் புதிய கருவிகளுக்கான மார்க்கச் சட்டங்களைத் தனி நூலாகவே எழுதினார்கள். கருவி எப்படி இயங்குகிறது என்பதை அறிந்தோரிடம் கேட்டுத் தெளிந்து, அதன் பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற நெறியை அவ்வாராய்ச்சியில் காண்கிறோம். பொருளின் இயல்பை அறியாமல் அதனை ஏற்பதும் பிழை, தள்ளுவதும் பிழை.

அந்த நெறியின் அருமையை நாம் நேரில் உணர்ந்தது 1984ஆம் ஆண்டு ரமலானில். அவ்வாண்டு நோன்பு ஜூன் மாதத்தில் அமைந்தது. நெடும்பகல், கடுங்கோடை. கடற்கரை ஊர் ஒன்றில் உறவினர் வீட்டில் நோன்பு திறக்க அமர்ந்திருந்தோம். கஞ்சியும் பேரீச்சம்பழமும் முன்னே இருக்க, டிரான்சிஸ்டரில் கொழும்பிலிருந்து மஃரிபு பாங்கு எழுந்தது. எங்களில் சிலர் கையை நீட்டிவிட்டோம். "பொறுங்க வாப்பா! அது கொழும்புக்காரவுகளுக்குச் சொல்ற பாங்கு. நமக்கு இன்னும் பொழுது அடையலே" என்று தடுத்தார் அங்கிருந்த முதியவர். வெளியே வந்து மேற்கே நோக்கினோம். தென்னந்தோப்புக்கு மேலே சூரியன் தெரிந்தது. வானொலி நிலையத்தின்மேல் குற்றமில்லை. அது தன் ஊருக்குரிய நேரத்தைத்தான் சொன்னது. கேட்டவர்களாகிய நம்முடைய அறியாமையே குற்றம்.

அந்த முதியவர் பள்ளிக்கூடம் கண்டவரல்லர். ஆயினும் அவர் சொன்னது வானியல் உண்மை. கொழும்பு நம் கடற்கரைக்குக் கிழக்கே முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாகவும், தெற்கே மூன்று பாகை அளவிலும் உள்ளது. ஒரு பாகை கிழக்கே சென்றால் சூரியன் 4 நிமிடம் முந்தி மறையும். அதனோடு, ஜூன் மாதத்தில் வடக்கே செல்லச் செல்லப் பகல் நீளும். இரண்டும் சேர, ஜூனில் கோட்டைப்பட்டினத்தில் சூரியன் மறைவது கொழும்பைவிடச் சுமார் 8 நிமிடம் பிந்தியே. சூரியன் மறையும் முன் திறந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும் என்பது நாம் அறிந்த சட்டம். டிசம்பரில் நிலைமை தலைகீழ். அப்போது நமக்கே ஒரு சில நிமிடம் முந்தி மறையும்.

கொழும்பை விட்டுச் சென்னையை நம்பினால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. ஜூன் மாதத்தில் சென்னைக்கும் புதுக்கோட்டை நகருக்கும் ஓரிரு நிமிடமே வேறுபாடு. டிசம்பரிலோ சென்னையில் சூரியன் மறைந்து ஏறக்குறைய 10 நிமிடம் கழித்தே புதுக்கோட்டையில் மறைகிறது. 1999ஆம் ஆண்டு ரமலான் டிசம்பரில் வந்தது. சென்னை நேரத்தைக் கேட்டு அன்று நம் மாவட்டத்தில் எவரேனும் நோன்பு திறந்திருந்தால் அது பகலில் உண்டதாகவே முடிந்திருக்கும். ஒலி ஒரு நொடியில் கடல் கடந்து வந்துவிடுகிறது. சூரியன் அப்படி வருவதில்லை.

ஒலிநாடாவும் இன்றைய பெட்டியும்

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்டது. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்த பின் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம் இளைஞர்கள், வானொலியும் கேசட்டும் ஒருங்கே அமைந்த 'டூ இன் ஒன்' பெட்டிகளைக் கொண்டு வந்தார்கள். திருக்குர்ஆன் முழுவதையும் முதன்முதலில் ஒலிப்பதிவு செய்த ஷைகு மஹ்மூது கலீல் அல்ஹுஸரீ, ஷைகு அப்துல் பாஸித் ஆகியோரின் கிராஅத்தும், நாகூர் இ. எம். ஹனிபா அவர்களின் பாடல்களும் வீடுகளில் ஒலித்தன. நிலையத்தின் நேரத்துக்குக் காத்திருந்த காலம் போய், வேண்டியபோது வேண்டியதைக் கேட்கும் காலம் வந்தது. அதே பெட்டியில் தந்தை குரலைப் பதிந்து தபாலில் அனுப்ப, எழுதப் படிக்கத் தெரியாத தாய் அதைக் கேட்டுக் கண்ணீர் வடித்த காட்சிகள் எத்தனை!

இன்று கடைகளில் காணும் 'ஏவி ரிசீவர்' அந்த மரப்பெட்டியின் நேர் வாரிசே. வானொலி வாங்கி, ஒலிபெருக்கும் பகுதி, பல கருவிகளை இணைக்கும் நிலையம், திரைப்பட ஒலியைப் பல திசைகளுக்குப் பிரித்தனுப்பும் பகுதி ஆகிய நான்கும் அதனுள் அடக்கம். பிரித்தனுப்பும் முறைக்குப் பெயர் பெற்ற ரே டால்பி, 1965இல் தம் நிறுவனத்தைத் தொடங்குமுன் ஐ.நா. ஆலோசகராக நம் இந்தியாவில், சண்டிகரில், பணியாற்றியவர் என்பது பலரும் அறியாத செய்தி. ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்குத் தனியே ஒன்றுமாகச் சேர்ந்ததே 'ஐந்து புள்ளி ஒன்று' என்பது. நடுவில் உள்ள ஸ்பீக்கர் பெரும்பாலும் பேச்சைச் சுமக்கிறது; பின்னால் உள்ளவை சூழலின் ஒலியைத் தருகின்றன.

வாங்க விழைவோருக்கு அனுபவத்தால் அறிந்த சிலவற்றைச் சொல்லுதல் கடமையாகும். பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் வாட் கணக்கைக் கண்டு மயங்கலாகாது. 'பி.எம்.பி.ஓ.' என்னும் அளவு நொடிப்பொழுது உச்சத்தை வைத்துப் பெருக்கிக் காட்டுவது. தொடர்ந்து தரும் வலிமையைக் காட்டுவது 'ஆர்.எம்.எஸ்.' என்னும் அளவே. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் ஆயிரக்கணக்கான வாட் என்று கேட்டு வாங்கிய பெட்டி, நம் வீட்டில் சற்று உரக்க வைத்தாலே கரகரத்துப் போயிற்று. மேலும், வாட்டை இரு மடங்காக்கினால் ஒலி இரு மடங்காகாது. 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். ஆதலின் சாதாரண அறைக்குப் பெருவலிமை தேவையில்லை. ஸ்பீக்கரின் 'ஓம்' அளவு, பெட்டி தாங்கும் என்று குறித்த அளவுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். தொலைக்காட்சியோடு ஒரே கம்பியில் ஒலியை வாங்கும் வசதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

அறையும் பெட்டியைப் போன்றே முக்கியம். நம் பக்கத்து வீடுகளில் ஓடு பதித்த தரையும் பூசிய சுவருமே மிகுதி. அவற்றில் ஒலி மோதித் திரும்பிச் சொல்லின் தெளிவைக் கெடுக்கும். தரையில் ஜமுக்காளமும் சன்னலில் கனத்த திரையும் இட்டால், விலை உயர்ந்த பெட்டியால் வராத தெளிவு வந்துவிடும். கிராஅத்தும் பயானும் கேட்பதே முதல் நோக்கமாயின், நல்ல ஸ்பீக்கர் இரண்டும் எளிய பெட்டியும் போதும். ஓதுபவரின் மக்ரஜும் மூச்சும் தெளிவாகக் கேட்க வேண்டுமேயன்றிச் சுவர் அதிர வேண்டியதில்லை.

சுவர் அதிர்ந்தால் அடுத்த வீட்டாரின் உறக்கமும் அதிர்கிறது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என எல்லை வகுத்துள்ளன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குரலைத் தாழ்த்துமாறு லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைத் திருமறை வழியே அறிந்த நமக்கு, இதனைச் சட்டம் வந்து கற்பிக்க வேண்டிய நிலை இருத்தலாகாது. சிங்கப்பூரில் குடியிருப்புகள் நெருங்கிய காலத்தில், 1970களில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளை உட்புறமாகத் திருப்பி, பாங்கை வானொலி வழியே வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டை அந்நாட்டு முஸ்லிம்கள் ஏற்றுக்கொண்டனர். அங்கே வீட்டுப் பெட்டியே மினாராவாயிற்று எனலாம்.

இனி அந்தப் பெருமாட்டியாரின் கேள்விக்கு வருவோம். புதிய பெட்டியில் பாங்கு கேட்குமா? கேட்கும். வானொலி வழியாகவும் கேட்கலாம். கைப்பேசியிலிருந்து கம்பியில்லாமலும் கேட்கலாம். ஆனால் 1984இல் கற்ற பாடம் இன்றைக்கும் பொருந்தும். கைப்பேசியில் சென்னை என்றோ துபாய் என்றோ ஊர் பதிந்திருந்தால் பாங்கும் அவ்வூருக்குரியதே. ஊரைச் சரியாகப் பதிந்த பின்னும், அஸர் நேரத்தில் ஹனஃபி, ஷாஃபி என மத்ஹபின் வேறுபாடு உண்டு. நம் மாவட்டத்தில் இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். ஆகவே கருவி சொல்வதைத் தம் ஊர்ப் பள்ளிவாசலின் நேர அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளல் நலம்.

நாம் அந்த இளைஞர்களிடம் சொன்னது இவ்வளவே: "பாட்டியின் கேள்வியை முதலில் வைத்துப் பெட்டியைத் தேடுங்கள், வாட் கணக்கு அதற்குப் பின்னால் வரட்டும்." அவர்கள் நடுத்தர விலையில், வானொலி வாங்கியும் உள்ள பெட்டி ஒன்றையே வாங்கினர். முதல் நாள் மாலையில் அதனைத் திருச்சி நிலையத்துக்குத் திருப்பி வைத்துப் பாட்டியாருக்குக் காட்டினார்கள். சற்று நேரத்தில் தெருமுனைப் பள்ளிவாசலிலிருந்து மஃரிபு பாங்கு எழுந்தது. பேரன் எழுந்து பெட்டியின் ஒலியை அணைத்தான். ஒருவரும் சொல்லாமலே அவன் அதைச் செய்தது நமக்கு நிறைவாக இருந்தது. எக்கருவியையும் அதன் இடத்தில் வைத்து ஆளும் அறிவை நம் மக்களுக்கு அல்லாஹ் அருள்வானாக!